தம்பியைச் சொல்லி வித்த டயர்

ஆமாங்க, நான்தான். டயர் கடை வாசல்ல ஆளுயரத்துக்கு ஒரு அட்டை நிக்குமே, அதுல இருக்கிறது நான்தான். நேர்ல கொஞ்சம் கறுப்பா இருப்பேன். அதுல லைட்டு போட்டு எடுத்தாங்க. நீங்க நிலக்கோட்டைக் கடையில பார்த்தீங்களா? அங்க இன்னும் எடுக்கலையா. ரெண்டு தடவை சொல்லிட்டேன்.

பாவப்படாதீங்க தங்கச்சி. முதல்ல என் கையை விடுங்க, சொல்றேன். என் தம்பி சாகல. திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரா இருக்கான். நேத்துக்கூட வேலைக்குப் போயிருப்பான்.

இப்படி முழிப்பீங்கன்னுதான் நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. ஆனா நீங்க கையைப் பிடிச்சீங்க பாருங்க, அப்புறம் சும்மா இருக்க முடியல. நீங்க உங்க ஊர்ல பஸ்ஸை விட்டு எறங்கிருவீங்க, நான் நிலக்கோட்டைக் கடைக்குப் போயிருவேன். கேட்டுட்டு மறந்துருங்க.

என் பேரு தமயந்தி. டயர் விக்க வர்றதுக்கு முன்னாடி திண்டுக்கல்ல ஜவுளிக்கடையில ஒன்பது வருஷம் சேலை செக்‌ஷன். ஒரு டயர் கம்பெனிக்காரங்க, பேரு வேண்டாம், வாயில நுழையாத வெளிநாட்டுப் பேரு, அவங்க ஒவ்வொரு டீலர் கடையிலயும் பேசி விக்க ஆள் வைக்கிறாங்கன்னு கேள்விப்பட்டுப் போனேன். பொம்பள டயர் விக்கிறதான்னு எல்லாரும் சிரிச்சாங்க. பழனி ரோட்டுல ஜெயசீலன் அண்ணன் கடையில போட்டாங்க. அந்த அண்ணன் நல்ல மனுஷன். எல்லாக் கம்பெனி டயரும் வச்சிருப்பாரு. எது போனாலும் அவருக்கு ஒண்ணுதான். என் கம்பெனி டயரு மத்ததைவிட ஒண்ணரை மடங்கு விலை.

முதல் ரெண்டு மாசம் ஒண்ணுகூடப் போகலைங்க. டயர் வாங்க வர்றவங்க ஒரு மாதிரி. சேலைக்கு வர்றவங்க விரிச்சுப் பாப்பாங்க, தடவிப் பாப்பாங்க. இவங்க வந்து நின்னுக்கிட்டே, "போன தடவை போட்டதையே போடுங்க"ம்பாங்க. விலையைக் கேட்டுட்டுப் போயிருவாங்க. கம்பெனியில சொல்லிக் குடுத்ததை எல்லாம் சொல்லுவேன், ரப்பர் இப்படி, தரையைப் பிடிக்கிற பட்டன் இப்படி, மழையில வழுக்காதுன்னு. கேட்டுக்கிட்டே போனைப் பாப்பாங்க. எங்க ஏரியா ஆபீசர் தினகர் சார் வாராவாரம் வந்து, "என்னம்மா, இந்த மாசமும் இப்படியா"ன்னு கேப்பாரு. கோபமா கேக்கமாட்டாரு. அதுதான் கஷ்டமா இருக்கும்.

ஆனா ஒண்ணு கவனிச்சேன். ஆம்பளைங்க கவுண்டர்ல நிப்பாங்க, வீட்டுப் பொம்பளைங்க காத்தாடிக்குக் கீழ பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. அவங்ககிட்ட யாரும் பேசுறதே இல்ல. 

ஒட்டன்சத்திரத்துல இருந்து ஒரு குடும்பம் வந்துச்சு. கார் டயரு நாலும் மொட்டை. நூல் தெரியுது. "முன்னாடி ரெண்டு மட்டும் மாத்துங்க, இருக்கிறதுல சாதா எதுவோ அது"ன்னாரு அந்த ஆளு. அதுவும் அன்னைக்குக் கடையில இல்ல. சரி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு கிளம்பிட்டாங்க. அந்தப் பொண்ணு மடியில கைக்குழந்தை தூங்குது. நான் பின்னாடியே போயி, "அக்கா, இப்படிப் போகாதீங்க. என் தம்பியும் இப்படித்தான் அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு போனான்"னேன்.

"என்னாச்சு?"ன்னுச்சு அந்தப் பொண்ணு.

நான் ஒண்ணும் சொல்லல. கண்ணு கலங்கிருச்சு. அன்னைக்குக் காலையில தினகர் சார் பேசிட்டுப் போன வருத்தம், அதான் கலங்குச்சு. அந்தப் பொண்ணு வேற மாதிரி எடுத்துக்கிச்சு. செத்துட்டான்னு நான் சொல்லவே இல்ல, கவனிச்சுக்கோங்க. இல்லைன்னு சொல்லல, அவ்வளவுதான். புருஷன்கிட்ட போயி என்னமோ பேசுச்சு. அரைமணி நேரத்துல என் டயரு நாலு மாட்டிக்கிட்டுப் போனாங்க.

தம்பிக்கு நெஜமாவே ஒரு தடவை கொடைரோடு பாலத்துல பைக் டயர் வெடிச்சு விழுந்தான். முட்டியில மூணு தையல். அதனால முழுப் பொய்யின்னு சொல்லமுடியாது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

அடுத்து வந்தவங்ககிட்ட, செத்துட்டான்னே சொல்லிட்டேன்.

அப்புறம் அது வளந்துருச்சுங்க. கேக்கிறவங்க கேள்வி கேப்பாங்கள்ல, பதில் சொல்லணும்ல. எந்த இடம்? கொடைரோடு பாலம். பைக்கா? இல்ல, கார். கல்யாணம் ஆயிருச்சா? ஆமா, பொண்டாட்டி நாலு மாசம். அப்பத்தான் அவன் பொண்டாட்டி பவானி நெஜமாவே உண்டாகியிருந்தா, அது வாயில வந்துருச்சு. கடைசியா என்ன பேசினான்? "அக்கா, வந்துக்கிட்டே இருக்கேன், சோறு போட்டு வை"ன்னான். இதைச் சொன்னா பெஞ்சுல இருக்கிற பொம்பளைங்க எந்திரிச்சு நின்னுருவாங்க. மாசம் அறுபது, எழுபது டயர் போச்சு. டயரு நல்ல டயருங்க. அதுல பொய் இல்ல. மழையில பிரேக் போட்டா நிக்கும்.

ஒரு நாள் தினகர் சார் எனக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டாரு. எனக்குத் தெரியாது. திரும்பிப் பாத்தா அந்த மனுஷன் கண்ணைத் துடைக்கிறாரு. "இவ்வளவு துக்கத்தை வச்சுக்கிட்டா வேலை பாக்குறீங்க, ஒரு வார்த்தை சொல்லலையே"ன்னாரு. அப்பச் சொல்லியிருக்கணும். கடையில ஆளுங்க இருந்தாங்க. அடுத்த வாரம் போட்டோ எடுக்க ஆள் கூட்டிட்டு வந்துட்டாரு. வேண்டாம் சார்னேன். ஒரு தடவை சொன்னேன். துக்கத்துல சொல்றேன்னு நெனைச்சுக்கிட்டாரு. "உங்களால நாலு உசுரு பொழைக்கும்மா"ன்னாரு. "தம்பியை இழந்த ஒரு அக்காவின் வேண்டுகோள்"னு எழுதி திண்டுக்கல், தேனி, மதுரைப் பக்கம் நாப்பது கடையில வச்சுட்டாங்க. திருப்பூர் அவரு ஏரியா இல்ல. அது எனக்கு நிம்மதியா இருந்துச்சு, பாருங்க என் புத்தியை.

அப்பத்தான் சவரிமுத்து வந்தாரு.

பஞ்சம்பட்டிக்காரரு. அறுபது வயசு இருக்கும், கழுத்துல ஜெபமாலை. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வந்து, "அந்த அட்டையில இருக்கிற அம்மா நீங்கதானா"ன்னு கேட்டாரு. டயர் வாங்க வரல. பெஞ்சுல உக்காந்து, "உங்க தம்பி வண்டியில என்ன டயரு தாயி போட்டிருந்தாப்ல?"ன்னாரு. எப்பவும் சொல்றதைச் சொன்னேன். பழசு, மேல ரப்பர் ஒட்டின டயருன்னு. 

அவரு தலையைத் தலையை ஆட்டிக் கேட்டாரு. அப்புறம் சொன்னாரு. அவருக்கு ஒரே பையன், ஜெரால்டு. இருபத்துநாலு வயசு. வீட்டு மல்லியையும் ஊர்க்காரங்க மல்லியையும் ஏத்திக்கிட்டு தினம் விடியக்காலம் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்குச் சின்ன லோடு வண்டி ஓட்டிக்கிட்டிருந்திருக்கான். பத்து மாசத்துக்கு முன்னாடி செம்பட்டி தாண்டி ஒரு வளைவுல வண்டி கவுந்துருச்சு. அங்கயே உசுரு போயிருச்சு. எதனாலன்னு யாருக்கும் தெரியல. தூங்கியிருப்பான்னு போலீஸ் சொன்னாங்க. ஏதாச்சும் குறுக்க வந்திருக்கும்னு ஊர்ல சொன்னாங்க. அதுக்கு முந்தின மாசந்தான் பையன், "அப்பா, டயர் சரியில்ல, புதுசு போடலாம்"னு கேட்டிருக்கான். இவரு, சீசன் முடியட்டும்னு பழசுக்கே ரப்பர் ஒட்டி வாங்கிட்டு வந்து குடுத்திருக்காரு.

"இத்தனை நாளா எதனாலன்னு தெரியாமக் கெடந்தேன் தாயி. உங்க அட்டையைப் பாத்ததும் தெளிஞ்சுருச்சு. நான்தான்"னாரு.

அழுகல. கணக்குப் பாடத்துல விடை வந்த மாதிரி சொன்னாரு. "அப்படி இல்லைங்கய்யா"ன்னேன். "உங்களுக்குத் தெரியாததா"ன்னாரு.

அதுல இருந்து வியாழக்கிழமை ஆனா வந்துருவாரு. வாழையிலையில மல்லி கட்டிக் கொண்டாருவாரு. "நாம ரெண்டு பேரும் ஒரே மாதிரி பறி குடுத்தவங்க"ம்பாரு. என் தம்பியைப் பத்திக் கேப்பாரு. சின்னதுல எப்படி இருப்பாப்ல, என்ன பிடிக்கும்னு. சொல்லுவேன். அதெல்லாம் நெஜம்ங்க, தம்பியைப் பத்திச் சொன்னதெல்லாம் நெஜம். அப்புறம் அவரு வர்ற நேரம் ஸ்டாக் ரூமுக்குள்ள போயி நின்னுக்குவேன். ஜெயசீலன் அண்ணன், "பாவம், காத்திருக்காரு, வந்து பேசுங்க"ன்னு கூப்பிடுவாரு.

ஒரு மாசம் கழிச்சு அவரு வீட்டம்மா வந்தாங்க. லூர்து மேரின்னு பேரு. கடைக்குள்ள வரல, வாசல்ல நின்னு கூப்பிட்டாங்க. "முன்னாடி அழுதுக்கிட்டாவது இருந்தாரும்மா. இப்ப அழுகையும் இல்ல. எம் பிள்ளையை நாந்தான் கொன்னேன்னு பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்றாரு. கோயிலுக்கு வந்தா உள்ள வர்றதில்ல, பூசை முடியிற வரைக்கும் வெளிய வெயில்ல நிக்கிறாரு. வீட்டுல ஒரு வேளைதான் சோறு. நீங்களும் இதைப் பட்டவங்கதானே. எப்படித் தேறினீங்கன்னு அவருகிட்ட சொல்லுங்களேன். நீங்க சொன்னாத்தான் கேப்பாரு"ன்னாங்க.

என்கிட்ட வந்து கேக்கிறாங்க, எப்படித் தேறினீங்கன்னு.

அந்த வியாழக்கிழமை சொல்லிட்டேன் தங்கச்சி. கடைக்குப் பின்னாடி, பழைய டயர் அடுக்கி வச்சிருக்கிற எடத்துல கூட்டிட்டுப் போயி, "அய்யா, எனக்கு அப்படி ஒண்ணும் நடக்கல. என் தம்பி உசுரோட இருக்கான். டயர் விக்கிறதுக்காகச் சொன்ன பொய்யி"ன்னேன். காலைத் தொடப் போனேன், விடல.

சிரிச்சாரு. "லூர்து வந்து சொல்லிட்டுப் போனாளா?"ன்னாரு. "என் மனசு ஆறணும்னு சொந்தத் தம்பி சாவையே இல்லைங்கிறீங்களே தாயி. உங்க மனசு யாருக்கு வரும்"னாரு. நான் என்ன சொல்லியும் நம்பல. அடுத்த மாசம் ஜெரால்டுக்கு வருஷப் பூசை வருதாம், அதுல என் தம்பி பேரையும் சேத்துப் படிக்கச் சர்ச்சுச் சாமியார்கிட்ட சொல்லிட்டாராம். குருநாதன். சரிதானே பேருன்னு கேட்டாரு.

மறுநாளே திருப்பூருக்குப் பஸ் ஏறினேன்.

தம்பி சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். பிள்ளை தொட்டில்ல. எல்லாத்தையும் சொன்னேன். அவன் சோத்துல கையை வச்சுக்கிட்டே கேட்டான். முடிச்சதும், "கடையில எப்படிச் சொல்லுவ? அப்படியே சொல்லு"ன்னான்.

"வேண்டாம்டா."

"சொல்லுக்கா. நான் கேக்கணும்."

சொன்னேன். பாலம், காரு, பழைய டயரு, சோறு போட்டு வைன்னது. பொண்டாட்டி நாலு மாசம்னு வந்தப்ப பவானி அடுப்பை அணைச்சுட்டு, தொட்டில்ல இருந்த பிள்ளையைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிருச்சு. ஒரு இடத்துல என் கண்ணு கலங்குச்சு. பழக்கம்ங்க, அந்த இடம் வந்தா தானா கலங்கும். தம்பி என்னையே பாத்துக்கிட்டு இருந்தான்.

"நல்லாத்தான் சொல்ற"ன்னான். கை கழுவப் போயிட்டான்.

ஆனா வந்தான். அடுத்த ஞாயித்துக்கிழமை பஞ்சம்பட்டிக்கு என்கூட வந்தான். சவரிமுத்து வாசல்ல பூ நாருக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டு இருந்தாரு. "இவன்தாங்கய்யா குருநாதன்"னேன். அவரு நம்பல. வேற யாரையோ கூட்டிட்டு வந்திருக்கேன்னு நெனைச்சாரு போல. தம்பி பேசாம ஆதார் அட்டையை எடுத்து நீட்டினான். பேன்டை மடிச்சு முட்டியைக் காட்டினான். "பைக்ல விழுந்தது, மூணு தையல். எனக்கு நடந்தது இவ்வளவுதாங்கய்யா"ன்னான்.

அந்த மனுஷன் குத்தவச்சு உக்காந்து அந்தத் தழும்பைத் தொட்டுப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் தம்பியை நிமுந்து பாத்து, "அப்ப என் பையனுக்கு என்னப்பா ஆச்சு?"ன்னாரு.

"தெரியலைங்கய்யா."

"டயர்தான்னு யாருக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாதுங்கய்யா."

என்னைக் கேக்கல. என்னைப் பாக்கவே இல்ல. லூர்து மேரி அம்மா ரெண்டு பேருக்கும் காப்பி கொண்டாந்து வச்சிருந்தாங்க. விஷயம் புரிஞ்சதும் எனக்கு வச்ச காப்பியை மட்டும் எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க. அது சரிதான். தம்பியை இருந்து சாப்பிட்டுட்டுப் போகச் சொன்னாங்க. நான் தெருவுல மாதா சிலை வச்சிருக்கிற கெபிகிட்ட போயி நின்னுக்கிட்டு இருந்தேன்.

பஸ் ஸ்டாண்டுல தம்பி சொன்னான், "கொஞ்ச நாளைக்கு வீட்டுக்கு வராதக்கா. பவானிக்கு மனசு ஆறட்டும்"னு. அது ஆடி மாசம். இப்ப மாசி. போன் பண்ணா எடுக்கிறான். சாப்பிட்டியான்னு கேக்கிறான். அவ்வளவுதான்.

தினகர் சார்கிட்டயும் சொன்னேன். "இதை வெளிய சொல்லாதீங்க, அட்டையைப் படிப்படியா எடுத்துருவோம்"னாரு. எங்க கடையில அன்னைக்கே எடுத்தாச்சு. மத்த டீலருங்க, அது இருந்தா யாவாரம் ஆகுதுன்னு விட மாட்டேங்கிறாங்க. வேலையை விட்டிருக்கலாமேன்னு நீங்க நெனைக்கிறது தெரியுது. நானும் நெனைச்சேன். நான் விட்டா வர்றவங்க மொட்டை டயரோடதானே திரும்பிப் போவாங்க. இப்ப தம்பியைச் சொல்றதில்ல. தம்பியே இல்லாத மாதிரி பேசுறேன். டயரு நல்ல டயருங்க.

இதோட முடிஞ்சிருந்தா பரவாயில்ல.

ஆறு மாசம் கழிச்சு லூர்து மேரி அம்மா போன் பண்ணாங்க. அவரு இப்ப சாப்பிடுறாராம். நான்தான் கொன்னேன்னு சொல்றதில்லையாம். ஆனா ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அந்த வளைவுல போயி நின்னுக்கிறாராம். போறவங்க வர்றவங்களை எல்லாம் நிறுத்தி, அன்னைக்கு ஏதாச்சும் பாத்தீங்களா, என்ன நடந்துச்சுன்னு கேக்கிறாராம். "ஒரு லாரி இடிச்சா என்ன பண்ணுவேன்? கிளறி விட்டது நீங்க. இதுக்கு நீங்களே ஒரு வழி சொல்லுங்க"ன்னு வச்சுட்டாங்க.

அதனால நானும் ஞாயித்துக்கிழமை அங்க போக ஆரம்பிச்சேன். அவரு என்கிட்ட பேசமாட்டாரு. போன்னும் சொல்லமாட்டாரு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நான். நாலு வாரம் நின்னோம். யாருக்கும் ஒண்ணும் தெரியல.

வளைவுல மொக்கராசுன்னு ஒருத்தரு டீக்கடை போட்டிருக்காரு. ஒரு புதன்கிழமை தனியாப் போயி அவருகிட்ட கேட்டேன். அன்னைக்கு அவரு கடை திறக்க வரும்போது வண்டி கவுந்து கெடந்துச்சாம். ரோடு பூரா மல்லியாம். கவுந்ததைப் பாக்கல. நான் ஒரு டீ சொல்லிக் குடிச்சேன். அப்புறம் கேட்டேன். "அண்ணே, ஒரு நாய் குறுக்க வந்துச்சுன்னு சொல்ல முடியுமா?"

"வேண்டாங்கக்கா"ன்னாரு. ஆனா அவரும் அந்தப் பெரியவரு வாராவாரம் நிக்கிறதைப் பாக்கிறாருல்ல. "இதுல யாருக்கு என்ன நஷ்டம்"னு கேட்டேன். யோசிச்சாரு. அப்புறம் எப்படிச் சொல்லணும்னு நான் சொல்லிக் குடுத்தேன். வெறும் நாயின்னு சொன்னா மனசுல நிக்காது. வெள்ளை நாயி, ஒரு காது மடங்கியிருந்துச்சு. போலீசு, ஸ்டேஷன்னு இழுப்பாங்கன்னு பயந்து இத்தனை நாளா சொல்லல. பையன் நாயை ஏத்தக் கூடாதுன்னுதான் திருப்பினான். ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். எனக்கு அது வரும்ங்க. 

போன ஞாயித்துக்கிழமை மொக்கராசு அவரை டீ குடிக்கக் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னாரு. நல்லாத்தான் சொன்னாரு. சவரிமுத்து கிளாசைக் கையில வச்சுக்கிட்டு, குடிக்காம, ஒவ்வொரு வார்த்தையாக் கேட்டாரு. மடங்கின காதுன்னதும் அவருக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "அவன் நாயின்னா உசுரை விடுவான்"னாரு. மேல்துண்டை வச்சு முகத்தைப் பொத்திக்கிட்டாரு. எனக்கு, அப்பாடா, முடிஞ்சுதுன்னு இருந்துச்சு.

அப்புறம் துண்டை எடுத்துட்டுக் கேட்டாரு. "அந்த நாய்க்கு அடி பட்டுச்சா?"

அதை நாங்க யோசிக்கல. மொக்கராசு என்னைப் பாத்தாரு.

"இல்லைங்கய்யா, ஓடிருச்சு"ன்னேன்.

ஓடிருச்சாம்னு சொல்லியிருக்கணும் தங்கச்சி. ஓடிருச்சுன்னு சொல்லிட்டேன், நேர்ல நின்னு பாத்த மாதிரி.

சவரிமுத்து என் பக்கம் திரும்பினாரு. அந்தக் காப்பியை எடுத்துக்கிட்டுப் போன நாள்ல இருந்து அன்னைக்குத்தான் என் முகத்தைப் பாக்கிறாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் கிளாசை வச்சுட்டு எந்திரிச்சாரு. "ஓடிருச்சா. நல்லது"ன்னாரு. செருப்பைத் தேடிப் போட்டாரு. "போதும்மா. இனிமே நீங்க இங்க வந்து நிக்க வேண்டாம். நானும் வரல"ன்னுட்டு, வந்த பஸ்ஸுல ஏறிப் போயிட்டாரு.

லூர்து மேரி அம்மா நேத்து போன் பண்ணாங்க. நல்லாத் தூங்குறாராம். பாதிப் பேச்சுல அவங்களுக்கு அழுகை வந்துருச்சு. நல்லா இருங்கன்னாங்க.

அவரு நம்பித்தான் போனாரா, இல்ல நம்புற மாதிரி இருந்துட்டுப் போனாரான்னு எனக்குத் தெரியல. பஞ்சம்பட்டி பக்கந்தான், ஒரு நடை போயிக் கேட்டுரலாம். ஆனா போக மாட்டேன். கேட்டா அந்த மனுஷன் உண்மையைச் சொல்லிருவாரு.